சர்வீஸின் மேலேயே பெயர் எழுதினோம்: குபர்நெட்டீஸ் அனோடேஷன் வேலைக் குறிப்பு

குபர்நெட்டீஸ் பல கணினிகளை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து மென்பொருளை ஓட்டும். சர்வீஸ் என்பது அதில் ஓடும் ஒரு மென்பொருளுக்குப் போகும் வாசல். எங்கள் கிளஸ்டரில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸும் இப்போது தன்னைப் பற்றித் தானே சொல்கிறது: எந்தக் குழு பார்த்துக்கொள்கிறது, கோளாறு வந்தால் எந்த அரட்டைக் குழுவில் கேட்க வேண்டும், கோளாறைச் சரிசெய்யும் வழிகளை எழுதிய ரன்புக் எங்கே இருக்கிறது. அலர்ட் செய்தியிலும் குழுவின் பெயர் சேர்ந்தே வருகிறது. கடைசித் துண்டும் பொருந்திவிட்டது. விவரங்கள் மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வேலை நடந்த இடம் பினாங்கு, பாயான் லெப்பாஸ். கிடங்குக் கணக்கையும் லோரி ஓட்டத்தையும் பார்க்கும் மென்பொருள் செய்கிறோம். குழுவில் பாதிப் பேர் இங்கே, மீதிப் பேர் கோலாலம்பூரில். சர்வீஸ்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றுக்குப் பெயர் வைத்ததில் ஒரு ஒழுங்கும் இல்லை. ‘ஆர்டர்-சிங்க்’ இருக்கும், பக்கத்திலேயே ‘ஆர்டர்-சிங்க்-2’ இருக்கும். ‘பிரிட்ஜ்’ இருக்கும், ‘பிரிட்ஜ்-நியூ’வும் இருக்கும். எது யாருடையது என்ற விவரம் ஒரு ஷீட்டில் இருந்தது.

தைப்பூச விடுமுறையன்று ‘பிரிட்ஜ்’ விழுந்தது. தண்ணீர்மலைப் பக்கம் சாலைகள் அடைபட்டிருந்த நேரம், எங்கள் ஆட்களில் பலர் அங்கேதான் இருந்தார்கள். ஷீட்டில் இருந்த பெயருக்கு உரியவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். கோளாறைச் சரிசெய்ய ஆன நேரத்தைவிட, அதைச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க ஆன நேரம்தான் அதிகம்.

கல்யாண வீட்டுக்கு இரவல் போகும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஏன் பெயர் வெட்டித் தருகிறோம்? நோட்டில் எழுதி வைத்தால் நோட்டு வீட்டில் இருக்கும், பாத்திரம் ஊரில் இருக்கும். ஷீட்டை விட்டுவிட்டு விவரத்தைச் சர்வீஸின் மேலேயே எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தோம். குபர்நெட்டீஸில் இப்படி ஒரு பொருளின் மேல் எழுதும் குறிப்புக்கு அனோடேஷன் என்று பெயர். ஒவ்வொன்றும் ‘கீ’ என்ற பெயரும் அதற்கு ஒரு மதிப்புமாக இருக்கும்.

முதலில், என்ன எழுதுவது என்று பார்த்தோம். இதற்கு ஒரு மரபு ஏற்கனவே உண்டு. ‘ஏ8ஆர்.ஐஓ’ என்ற முன்னொட்டோடு ஓனர், சாட், பக்ஸ், லாக்ஸ், ரன்புக், ரெப்பாசிட்டரி, டிபெண்டன்சீஸ் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனையையும் நிரப்பச் சொன்னால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். அதனால் ஆன்கால் பார்ப்பவர்களிடம், “ராத்திரி எழுப்பிவிட்டால் முதலில் எதைத் தேடுவீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள். ஓனர், சாட், ரன்புக், நிரல் இருக்கும் ரெப்போ, ஒரு வரி விளக்கம் என்ற ஐந்தோடு, எந்தெந்தச் சர்வீஸை நம்பி ஓடுகிறது என்று சொல்லும் டிபெண்டன்சீஸையும் சேர்த்து ஆறு வைத்தோம். முன்னொட்டாக எங்கள் கம்பெனியின் சொந்த டொமைன் பெயரைப் போட்டோம். ‘குபர்நெட்டீஸ்.ஐஓ’, ‘கே8எஸ்.ஐஓ’ இரண்டும் குபர்நெட்டீஸ் தனக்காக ஒதுக்கி வைத்திருப்பவை, அவற்றைத் தொடக்கூடாது. முன்னொட்டே இல்லாமலும் எழுதலாம்தான். ஆனால் பிற்காலத்தில் கிளஸ்டரைக் கவனித்துத் தானே செயல்படும் வேறு ஏதாவது கன்ட்ரோலர் நிரல் அதே பெயரைத் தேடிப் படித்தால் வம்பு. சர்வீஸில் இருக்கும் சில அனோடேஷன்களைப் பார்த்துத்தான் வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும், கிளவுட் கம்பெனிகளின் லோட் பேலன்சர்கள் நடந்துகொள்கின்றன. மனிதர்களுக்கு எழுதும் குறிப்பு அவற்றின் பாதையில் குறுக்கிடக் கூடாது.

ஓனர் என்ற இடத்தில் குழுவின் பெயர்தான் வரவேண்டும், ஆளின் பெயர் வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆள் மாறுவார், குழு நிற்கும். கைபேசி எண்ணையும் போட வேண்டாம் என்றேன். சர்வீஸைப் படிக்க அனுமதி உள்ள எல்லோருக்கும் அனோடேஷன் தெரியும். அங்கே ஒருவரின் சொந்த எண்ணைத் தொங்கவிடுவது முறையில்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. பாஸ்வேர்டு, டோக்கன் இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, லேபிளா அனோடேஷனா? லேபிளும் பொருளின் மேல் ஒட்டும் குறிப்புதான், ஆனால் பொருள்களைத் தேடிப் பொறுக்குவதற்கானது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி லேபிளிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்றான். “லேபிளை வைத்துத் தேடலாமே அக்கா, அனோடேஷனை வைத்துத் தேட முடியாதே.” அவன் சொன்னது சரிதான். பொருள்களைப் பொறுக்கும் நிபந்தனையான செலக்டர் லேபிளைத்தான் பார்க்கும், அனோடேஷனைப் பார்க்காது. சரி, போட்டுப் பார் என்று விட்டேன்.

சோதனைக்கு மேஜைக்கு அடியில் மூன்று பழைய மினி பிசி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் 400 வெள்ளிக்குள் வாங்கியது, 8 ஜிபி மெமரி, மேலே கே3எஸ் என்ற சிறிய குபர்நெட்டீஸ் ஓடுகிறது. இந்த வேலை முழுவதற்கும் எங்கள் கைக்காசு என்று பார்த்தால் அவ்வளவுதான். அவையும் இதற்கென்று வாங்கியவை இல்லை.

லேபிளில் ரன்புக் முகவரியைப் போட்டதும் கிளஸ்டர் திருப்பி அனுப்பியது. லேபிளின் மதிப்பு 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்தும் எண்ணும் போக நடுவில் கழித்தல் கோடு, அடிக்கோடு, புள்ளி இவைதான் வரலாம். தொடக்கத்திலும் முடிவிலும் எழுத்தோ எண்ணோ இருக்க வேண்டும். சாய்கோடு கூடாது, முக்காற்புள்ளி கூடாது, இடைவெளி கூடாது, மின்னஞ்சலில் வரும் அட் குறியும் கூடாது. ஆக, இணைய முகவரி போகாது, மின்னஞ்சல் போகாது, ஒரு வாக்கியம்கூடப் போகாது. அனோடேஷனின் மதிப்புக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. எந்த எழுத்துக் கோவையும் போடலாம், ஒரு பொருளின் மேல் உள்ள அனோடேஷன்கள் எல்லாம் சேர்ந்து 256 கிபைட்டுக்குள் (ஒரு கிபைட் 1,024 பைட்) இருந்தால் போதும். ஆனால் கீ-யின் பெயருக்கு லேபிளின் விதிதான்.

ஒரு ஆசையில் விளக்க வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘லோரிகள் இருக்கும் இடத்தைக் கிடங்குத் திரைக்கு அனுப்புவது’ என்ற வரியை அனோடேஷன் அப்படியே ஏற்றுக்கொண்டது, திருப்பிக் கேட்டதும் ஒரு புள்ளி பிசகாமல் காட்டியது. பட்டியலாக அச்சிடும்போது மட்டும் பத்திகள் கோணலாகின, அச்சிடும் கட்டளை கொம்பையும் புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணிவிடுகிறது. குழுவில் மலாய்க்காரர்களும் சீனர்களும் இருப்பதால் அலுவலகத்தில் விளக்கம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தமிழ் தடையில்லாமல் போகும் என்று தெரிந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

கடைசியில் இப்படிப் பிரித்தோம். இயந்திரம் தேடிப் பொறுக்க வேண்டியது, அதாவது குழுவின் குறும்பெயர், லேபிளிலும் இருக்கும். மனிதர் படிக்க வேண்டியது எல்லாம் அனோடேஷனில்.

இனி நாற்பது சர்வீஸிலும் இதை எப்படி ஏற்றுவது? அதிகம் கற்றுக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான்.

பொருள்களின் விவரத்தை எழுதிவைக்கும் எங்கள் யாமல் கோப்புகள் கஸ்டமைஸ் என்ற கருவி மூலம் கிளஸ்டருக்குப் போகின்றன. அதில் ‘காமன்லேபிள்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரே வரி எழுதினால் எல்லாப் பொருளிலும் லேபிள் ஏறிவிடும். குழு லேபிளை அதில் போட்டுச் சோதனைக் கிளஸ்டரில் அப்ளை செய்தோம். பாட் என்பது ஓடும் மென்பொருளின் ஒரு பிரதி, பாட்களை உருவாக்கிப் பராமரிப்பது டிப்ளாய்மென்ட். அந்த டிப்ளாய்மென்ட் எல்லாம் வரிசையாக மறுத்தன: செலக்டர் மாற்ற முடியாத புலம் என்று பிழை. அது போகட்டும், மறுத்தால் பழையது பழையபடியே இருக்கும் என்று நினைத்துத் திரையைப் பார்த்தால், ஒரு சர்வீஸும் பதில் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ‘காமன்லேபிள்ஸ்’ லேபிளைப் பொருளின் பெயர், குறிப்புகள் இருக்கும் மெட்டாடேட்டா பகுதியில் மட்டும் போடுவதில்லை, செலக்டர்களிலும் போட்டுவிடும். டிப்ளாய்மென்டின் செலக்டரை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது, அதனால் அது மறுத்தது. சர்வீஸின் செலக்டரை மாற்றலாம், அதனால் அது மாறிவிட்டது. இப்போது சர்வீஸ் புதிய லேபிள் உள்ள பாட்களைத் தேடுகிறது. டிப்ளாய்மென்ட் மாறாததால் பாட்களில் அந்த லேபிள் இல்லை. சர்வீஸ் போய்ச் சேர வேண்டிய பாட்களின் முகவரிகளான எண்ட்பாயின்ட் பட்டியல் காலி. பாட்கள் பச்சையாக, ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசல் மூடிவிட்டது. பாட்களின் நிலையை மட்டும் பார்க்கும் எந்த டாஷ்போர்டிலும் இது தெரியாது. ஒரு சர்வீஸின் எண்ட்பாயின்டைக் கேட்டதும் பதில் காலியாக வந்ததைப் பார்த்துத்தான் பிடிபட்டது.

புதிய கஸ்டமைஸில் ‘காமன்லேபிள்ஸ்’ கைவிடப்பட வேண்டியது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக ‘லேபிள்ஸ்’ என்ற புலம் இருக்கிறது. நாமாகக் கேட்டால் ஒழிய அது செலக்டரைத் தொடாது. அதற்கு மாறியதும் குழு லேபிள் சத்தமில்லாமல் ஏறியது.

அனோடேஷனுக்கும் ‘காமன்அனோடேஷன்ஸ்’ என்று ஒன்று உண்டு. அனோடேஷனில் செலக்டர் சிக்கல் கிடையாது என்ற தைரியத்தில் அதையும் சோதித்தோம். ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதும் எல்லா பாட்களும் மறுபடி தொடங்க ஆரம்பித்தன. அந்த வசதி டிப்ளாய்மென்டுக்குள் இருக்கும், பாட்களை வார்க்கும் அச்சான பாட் டெம்ப்ளேட்டிலும் அனோடேஷனை எழுதுகிறது. டெம்ப்ளேட்டில் ஒரு எழுத்து மாறினாலும் குபர்நெட்டீஸுக்கு அது புதிய வெளியீடு. 8 ஜிபி இயந்திரங்களில் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் நிற்க இடமில்லாமல் சில பாட்கள் ‘பெண்டிங்’கில் காத்துக் கிடந்தன. உண்மையான கிளஸ்டரில் இது பகல் நேரத்தில் நடந்தால் கிடங்குகளில் ஸ்கேனர்கள் நின்றுபோகும்.

அப்புறம் குறுக்கு வழிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு சர்வீஸின் யாமல் கோப்பிலும் நேராக, மெட்டாடேட்டாவுக்குக் கீழே கையால் எழுதினோம். எப்படியும் ஒவ்வொன்றுக்கும் ரன்புக் வேறு, விளக்கம் வேறு. பொதுவாக ஏற்ற அதில் ஒன்றும் இல்லை. சர்வீஸின் மெட்டாடேட்டாவை மட்டும் மாற்றினால் பாட்களுக்கு ஒன்றும் ஆகாது, எதுவும் மறுபடி தொடங்காது. இதை உறுதிசெய்ய, அப்ளைக்கு முன்னும் பின்னும் பாட்களின் வயதைப் பார்த்தோம். மாறவில்லை.

‘கியூப்சிடிஎல் அனோடேட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. கையால் சட்டென்று ஒட்டிவிடலாம், கீ-யின் கடைசியில் ஒரு கழித்தல் கோடு போட்டால் எடுத்தும் விடலாம். சோதிக்க அருமையானது. ஆனால் கோப்புகளின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் இல்லாத அனோடேஷன், சர்வீஸை அழித்து மறுபடி உருவாக்கும் அன்றே காணாமல் போய்விடும். அதனால் சோதனைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். கிட்டில் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: ஓனர் மாறும்போது மாற்றத்தைச் சரிபார்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் வரும், பழைய குழுவும் புதிய குழுவும் இரண்டு பேரும் பார்ப்பார்கள்.

யாமல் எழுதும்போது இரண்டு இடத்தில் கை தடுக்கியது. அனோடேஷனின் மதிப்பு எப்போதும் எழுத்துக் கோவையாகவே இருக்க வேண்டும். ஒரு குழு அலுவலக உள்ளிணைப்பு எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருந்தது. யாமல் அதை எண் என்று எடுத்துக்கொண்டது, கிளஸ்டர் ‘எண்ணைக் கோவையில் போட முடியாது’ என்று மறுத்தது. ட்ரூ, ஃபால்ஸுக்கும் இதே கதி. இன்னொன்று, விளக்க வரிக்கு நடுவில் முக்காற்புள்ளியும் அதை அடுத்து ஓர் இடைவெளியும் வந்தால் யாமல் அதைப் புதிய கீ என்று நினைத்துக் குழம்பிவிடும். எல்லா மதிப்புக்கும் இரட்டை மேற்கோள் போட வேண்டும் என்று விதி வைத்ததும் இரண்டும் தீர்ந்தன.

ஒருவர், ரன்புக்கையே முழுசாக அனோடேஷனில் வைத்துவிடலாமே என்று கேட்டார். 256 கிபைட் என்றால் நிறைய இடம் போலத்தான் தோன்றும். ஆனால் சாதாரண அப்ளை, தான் கடைசியாக அனுப்பியதன் முழு நகலையும் அதே பொருளில் இன்னொரு அனோடேஷனாக எழுதி வைக்கிறது. அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். எனவே நாம் எழுதுவது இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். சர்வர் சைடு அப்ளையில் அந்த நகல் இல்லை. இருந்தாலும் ரன்புக்குக்கு முகவரி மட்டும் போதும் என்று விட்டுவிட்டோம். எங்கள் ஆறு வரியும் சேர்ந்து ஒரு கிபைட்டுக்கும் குறைவு.

படிப்பதற்கு ‘கியூப்சிடிஎல் டிஸ்கிரைப்’ கட்டளை போதும், அனோடேஷன்கள் மேலேயே தெரியும். எல்லாச் சர்வீஸையும் ஒரே பட்டியலாகப் பார்க்க ‘கஸ்டம் காலம்ஸ்’ வெளியீட்டைப் பயன்படுத்தினோம். இதில் கவனிக்க வேண்டியது, கீ-யின் முன்னொட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியைப் படிநிலைப் பிரிப்பு என்று எடுத்துக்கொண்டு, பிழை எதுவும் சொல்லாமல் எல்லா வரியிலும் ஒன்றும் இல்லை என்ற பொருளில் ‘நன்’ என்று காட்டும். அனோடேஷன் ஏறவே இல்லையோ என்று நினைக்க வைக்கும் இடம் இது. அந்த நீளக் கட்டளையை ‘யாரு’ என்ற சிறு ஷெல் ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டேன். ‘யாரு பிரிட்ஜ்’ என்று அடித்தால் ஓனரும் சாட்டும் ரன்புக்கும் வரும். எங்கள் சீன நண்பர்களும் அதைத்தான் அடிக்கிறார்கள்.

ஆனால் ராத்திரி எழுந்தவர் முதலில் பார்ப்பது டெர்மினலை இல்லை, கைபேசியில் வந்த அலர்ட்டை. அதனால் கண்காணிப்பு அளவீடுகளைச் சேர்த்து வைத்து அலர்ட் எழுப்பும் ப்ரொமீதியஸுக்கு இந்த விவரத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கிளஸ்டரில் உள்ள பொருள்களின் விவரத்தை மெட்ரிக்காக, அதாவது அளவீடாக, மாற்றித் தரும் கியூப்-ஸ்டேட்-மெட்ரிக்ஸ் அதைச் செய்யும், ஆனால் தானாகச் செய்யாது. எந்த அனோடேஷன்களை வெளியே காட்டலாம் என்று ஒரு அனுமதிப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஓனரையும் ரன்புக்கையும் மட்டும் கொடுத்தோம். விளக்க வரியையும் கொடுத்தால் ப்ரொமீதியஸில் வீணாகச் சுமை ஏறும். கீ-யில் உள்ள புள்ளியும் சாய்கோடும் அங்கே அடிக்கோடாக மாறி, முன்னால் ‘அனோடேஷன்’ என்ற சொல்லும் சேர்ந்து வரும்.

அலர்ட் விதியில் இந்த மெட்ரிக்கோடு இணைத்தபோது ஒன்றும் ஒட்டவில்லை. மெட்ரிக்கைத் தனியாகக் கேட்டுப் பார்த்தோம். எல்லா வரியிலும் சர்வீஸின் பெயர் ‘கியூப்-ஸ்டேட்-மெட்ரிக்ஸ்’ என்றே இருந்தது. உண்மையான பெயர் ‘எக்ஸ்போர்ட்டட்_சர்வீஸ்’ என்ற வேறு லேபிளுக்குப் போயிருந்தது. ப்ரொமீதியஸ் தான் எங்கிருந்து மெட்ரிக் எடுக்கிறதோ அந்த இடத்தின் பெயரையும் ‘சர்வீஸ்’ என்ற லேபிளிலேயே எழுதுகிறது. இரண்டும் மோதினால், வந்த பெயரை ஒதுக்கிவிட்டுத் தன் பெயரை வைத்துக்கொள்ளும். எங்கிருந்து மெட்ரிக் எடுப்பது என்று ப்ரொமீதியஸுக்குச் சொல்லும் சர்வீஸ் மானிட்டரில் ‘ஹானர் லேபிள்ஸ்’ என்பதை ட்ரூ ஆக்கியதும் பெயர் அதனதன் இடத்துக்கு வந்தது. அதன் பிறகு நேம்ஸ்பேஸையும் (கிளஸ்டருக்குள் பொருள்களைப் பிரித்து வைக்கும் பகுதி) சர்வீஸையும் வைத்து ‘குரூப் லெஃப்ட்’ என்ற இணைப்பு மூலம் ஓனரை இழுத்து அலர்ட்டில் சேர்த்தோம். அலர்ட்களை உரியவர்களுக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜர் அந்த ஓனரைப் பார்த்து நேராக அந்தந்தக் குழுவின் அரட்டைக்கே அனுப்புகிறது.

கடைசியாக, காவல். எழுதாமல் புதிய சர்வீஸ் உள்ளே வரக்கூடாது. இதற்குத் தனி மென்பொருள் எதையும் நிறுவவில்லை. குபர்நெட்டீஸ் 1.30இல் ‘வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி’ நிலையான வசதியாகிவிட்டது, ‘செல்’ என்ற நிபந்தனை மொழியில் ஒரு வரி எழுதினால் போதும். பாலிசியை எழுதி ஏற்றினோம். ஓனர் இல்லாத சர்வீஸ் ஒன்றை வேண்டுமென்றே அனுப்பினோம். தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது. பாலிசி என்பது விதி மட்டும்தான். ‘பைண்டிங்’ என்ற இன்னொரு பொருள் அதை எங்கே, எப்படிச் செயல்படுத்துவது என்று சொன்னால்தான் அதற்கு உயிர் வரும்.

பைண்டிங் போட்டபின் எச்சரிக்கை வந்தது, ஆனால் ‘அனோடேஷன்ஸ் என்ற கீ இல்லை’ என்ற புரியாத வரியாக வந்தது. அந்தச் சர்வீஸில் அனோடேஷன் என்ற பகுதியே கிடையாது. இல்லாத பகுதிக்குள் தேடப் போய் நிபந்தனையே பிழையாகிவிட்டது. முதலில் ‘ஹேஸ்’ என்று கேட்டு, இருந்தால் மட்டும் உள்ளே பார் என்று மாற்றியதும் நாங்கள் எழுதிய செய்தியே வந்தது: “ஓனர் அனோடேஷன் இல்லை, இந்தப் பக்கத்தில் உதாரணம் இருக்கிறது”. ஓனரின் மதிப்பு எங்கள் குழுக்களின் பட்டியலில் உள்ளதா என்றும் அதே வரியில் சரிபார்க்கிறோம். எழுத்துப்பிழையோடு இன்னொரு குழு முளைப்பதை அது நிறுத்திவிட்டது.

விலக்குகள் வேண்டும். குபர்நெட்டீஸின் சொந்தப் பகுதியான கியூப்-சிஸ்டம் நேம்ஸ்பேஸை விட்டுவிட வேண்டும். டிஃபால்ட் நேம்ஸ்பேஸில் ‘குபர்நெட்டீஸ்’ என்ற சர்வீஸை ஏபிஐ சர்வரே வைத்திருக்கிறது, அதனால் அதையும் விட்டோம். டேட்டாபேஸை நிர்வகிக்கும் ஆபரேட்டர் என்ற நிரல் தானாக உருவாக்கும் சர்வீஸ்களைத் தடுத்தால் டேட்டாபேஸே எழும்பாது. அதனால் ‘ஓனர் ரெஃபரன்ஸ்’ (வேறொரு பொருளுக்கு உரியது என்ற குறிப்பு, எங்கள் ஓனர் அனோடேஷன் இல்லை) உள்ள சர்வீஸ்களுக்கும் விலக்கு கொடுத்தோம். முதலில் ‘வார்ன்’ நிலையில் ஓடவிட்டோம். அப்ளை செய்பவரின் திரையில் எச்சரிக்கை வரும், வேலை நிற்காது. எச்சரிக்கைகள் ஓய்ந்த பிறகுதான் அனுமதி மறுக்கும் ‘டினை’க்கு மாற்றினோம்.

மறுபடி செய்வதாக இருந்தால் இந்த ‘வார்ன்’ பாலிசியை முதல் வேலையாகவே போட்டுவிடுவேன். எழுதச் சொல்லி நான் ஒவ்வொரு குழுவிடமும் நடையாக நடந்த நேரம் மிச்சமாகியிருக்கும், அவர்கள் அப்ளை செய்யும்போதே திரை கேட்டிருக்கும். டிபெண்டன்சீஸைத் தொடக்கத்திலேயே சேர்க்க மாட்டேன். கையால் எழுதிய சார்புப் பட்டியல் சீக்கிரமே பழசாகிவிடுகிறது. பழைய பட்டியலை நம்பி ஒருவர் தவறான சர்வீஸைத் தோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபின் அதை எடுத்துவிட்டோம். இப்போது ஐந்துதான். ரன்புக் முகவரிகள் இன்னும் திறக்கின்றனவா என்று தினமும் இரவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பார்க்கிறது. ரன்புக் இருக்கும் விக்கியில் யாராவது பக்கத்தை நகர்த்தினால் காலையில் அந்தக் குழுவின் அரட்டைக்குச் செய்தி போகும்.

இன்னும் பாக்கி இருப்பது க்ரான்ஜாப்கள், அதாவது குறித்த நேரத்தில் ‘ஜாப்’ என்ற ஒருமுறை வேலையைத் தொடங்குபவை. அவற்றில் அனோடேஷன் எழுத மூன்று இடம் உண்டு: க்ரான்ஜாபின் தலையில், ஜாப் டெம்ப்ளேட்டில், அதற்கும் உள்ளே பாட் டெம்ப்ளேட்டில். ஒன்றில் எழுதியது அடுத்ததற்குத் தானாக இறங்காது. எங்கள் அலர்ட் ஜாபின் பெயரில்தான் அடிக்கிறது, அதனால் நடுவில் உள்ள ஜாப் டெம்ப்ளேட்டில் எழுதி, கியூப்-ஸ்டேட்-மெட்ரிக்ஸின் அனுமதிப் பட்டியலில் ஜாப்களையும் சேர்க்கப் போகிறோம். இரவு நேரக் கிடங்குக் கணக்கு முடிக்கும் ஜாபில் தொடங்குவதாகத் திட்டம்.